ஆறாவது தாள், மூணாவது வரி

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு வழக்கம். கல்லறைத் திருநாள் சாயங்காலம் செத்தவர்கள் பேரை மைக்கில் வாசிப்போம். பேர் வாசித்த பிறகுதான் அந்தக் கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்த வேண்டும். யாராவது முந்திக் கொளுத்திவிட்டால் பக்கத்துக் கல்லறைக்காரர் சண்டைக்கு வருவார்.

வாசிக்கிறவன் நான். கோயில்பிள்ளை. மணி அடிப்பது, கூட்டுவது, பூசைக்கு எடுத்து வைப்பது என் வேலை. மற்ற நாளில் கொத்தனார். கீரனூரிலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில் எங்கள் ஊர். படிப்பு ஏழாவதோடு நின்றுவிட்டது. கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். அதற்காகத்தான் அந்தப் பேர் நோட்டை என் கையில் கொடுத்தார்கள். அப்போது எனக்கு மீசை கறுப்பு.

நீள நோட்டு. கெட்டி அட்டை. ஒரு தாளுக்கு இருபத்திரண்டு கோடு. கோட்டுக்கு ஒரு ஆள். மை மறுபக்கம் ஊறும் என்பதால் ஒரு பக்கம்தான் எழுதுவது. செத்த வரிசைப்படி எழுதுவது. நடுவில் யாரையும் சொருகக் கூடாது. முதல் மூணு தாள் எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. நாலாவதிலிருந்து என் கை.

அந்த நோட்டு எனக்கு மனப்பாடம். பேர்களைச் சொல்லவில்லை, தாள்களைச் சொல்கிறேன். ரெண்டாவது தாளில் அப்பா. அடுத்தவர் கையெழுத்தில் இருக்கிறார், கொஞ்சம் சாய்ந்து. மூணாவது தாளில் மெழுகு சொட்டிய இடம். வெளிச்சத்தில் பிடித்தால் பஜ்ஜி மடித்த காகிதம் மாதிரித் தெரியும். நாலாவது தாளில் ஒரு மூலையை எலி தின்றுவிட்டது. அந்த மூலைக்கு ஒரு கோடு மேலே அம்மா. தப்பித்துவிட்டாள்.

அம்மாவுக்கு என் தம்பி மெழுகுவர்த்தி கொளுத்துவான். நான் மைக்கில் நிற்பேன். அம்மா பேரையும் மற்றப் பேர் மாதிரிதான் வாசிப்பேன்.

விரலில் எச்சில் தொட்டுத் தாளைத் திருப்பினால் குழாய் ஸ்பீக்கரில் சர்ரென்று கேட்கும். அப்போது தலையைத் தூக்குவேன். இங்கிட்டு நாலு வெளிச்சம், அங்கிட்டு அஞ்சு. வரிசையாக எரியாது. செத்த வரிசை ஒன்று, படுத்திருக்கிற வரிசை ஒன்று. இங்கே ஒன்று எரியும், அடுத்தது தோட்டத்து அந்த மூலையில் எரியும். பார்த்துவிட்டு மறுபடி குனிவேன். இப்படித்தான் பல வருசம்.

கல்லறை இல்லாத ஆள் நோட்டில் ஒருத்தர்தான். அவர் ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளாண்டில் வேலை பார்த்தார். ஆள் பத்தாத நாளில் படகிலும் ஏறுவார். ஒரு தடவை படகு வந்தது, அவர் வரவில்லை. விழுந்துவிட்டார் என்றார்கள். உடம்பு கிடைக்கவில்லை. நோட்டில் ஒரு கோடுதான் அவருக்கு இந்த ஊரில் இருக்கிற இடம். ஆறாவது தாள், மூணாவது வரி.

அவர் சம்சாரம் மேலத்தெரு. கல் கிரஷரில் இருபது வருசம் வேலை பார்த்ததில் அந்தம்மாவுக்குக் காது மந்தம். பக்கத்தில் நின்று கத்தினால் கேட்கும். கல்லறைத் திருநாள் அன்றைக்கு எல்லாரும் அவரவர் கல்லறையில் நிற்பார்கள். அந்தம்மாவுக்கு நிற்க இடமில்லை. நடுவில் இருக்கிற பெரிய சிலுவைக்குக் கீழே தனியாக நிற்கும். எனக்கு நேர் எதிரே, ஒரு நாற்பது அடி. கையில் ஒரு மெழுகுவர்த்தி, ஒரு தீப்பெட்டி. என்னையே பார்த்துக்கொண்டு நிற்கும். அவர் பேரை வாசித்ததும் சரியாகக் கொளுத்தும். ஒரு வருசம்கூடத் தப்பியதில்லை.

மைக் சத்தம் அதுக்குப் போதும் போலிருக்கு என்று நினைத்துக்கொண்டேன். கேட்டதில்லை.

ஒரு ஐப்பசி மழையில் பீடத்துக்குப் பின்னால் இருக்கிற அறை ஒழுகியது. பீரோவுக்குள் தண்ணீர். நோட்டின் அடி ஊறி, எட்டாவது ஒன்பதாவது தாள்களில் மை கலைந்தது. வெயிலில் காயவைத்தேன். அப்பளம் மாதிரி நெளிந்தது.

ஃபாதர் பார்த்தார். "இனிமே இதை நம்பி இருக்கக் கூடாதுய்யா. போன்ல ஏத்திருவோம். சிங்கப்பூர்ல, துபாய்ல இருக்கிறவங்களும் பாத்துக்கிருவாங்க" என்றார்.

ஏற்றுகிற ஆள் வீட்டிலேயே இருந்தாள். என் தம்பி மகள். திருச்சியில் ஒரு கம்பெனியில் போனுக்கு ஆப் வரைகிற வேலை. கீரனூர் பஸ்ஸில் காலையில் போய்ச் சாயங்காலம் வருவாள். கல்யாணமாகி ரெண்டு பிள்ளை. வாய் ஜாஸ்தி.

நோட்டை மடியில் வைத்து நாலு ஞாயிற்றுக்கிழமை ஏற்றினாள். கலைந்த பேர்களை நான் சொன்னேன். அஞ்சாவது ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியில் உட்காரவைத்தாள். என் போனிலேயே ரெண்டு விதமாகப் போட்டிருந்தாள்.

"பெரியப்பா, இது ஒண்ணு. மேலேர்ந்து கீழ ஒரே ஓட்டம். தள்ளிக்கிட்டே போகலாம், ஸ்க்ரோல். இன்னொண்ணு பக்கம் பக்கமா. பக்கவாட்டுல தள்ளினா அடுத்த பக்கம். எது வேணும்?"

"நீ சொல்லு."

"என்னயக் கேட்டா ஸ்க்ரோல்தான். துபாய்ல பஸ்ஸுக்கு நிக்கிறவன் ஒரு கையால தள்ளிப் பாப்பான். பக்கம் பக்கமா வச்சா நாலாவது பக்கத்துல போனை மூடிருவான். ஆனா வாசிக்கிற ஆளு நீங்க. உங்களுக்கு எது தோதுன்னு சொல்லுங்க."

பக்கம் பக்கமாக இருக்கிறதை முதலில் பார்த்தேன். சிமெண்டு தின்ற விரல். போன் அதை விரல் என்றே நம்பவில்லை. அழுத்தித் தேய்த்தேன்.

"ஏன் பெரியப்பா, அது என்ன அம்மிக்கல்லா?"

இன்னொரு தடவை தள்ளினேன். ரெண்டு பக்கம் சேர்ந்து போனது. மைக் முன்னால் நின்று ஒரு பக்கத்து ஆட்களை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பயந்தேன். ஸ்க்ரோலைப் பார்த்தேன். தொட்டால் ஓடியது. நிறுத்தினால் நின்றது.

"இது" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான் பிறகு எனக்கு உறுத்தியது.

அடுத்த வருசம் கல்லறைத் திருநாளுக்கு வானம் தெளிவாக இருந்தது. எல்லாக் கல்லறைக்கும் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி போட்டு, ஊரே கூடியிருந்தது. ஃபாதர் ஜெபம் சொல்லி முடித்து என்னைப் பார்த்தார். போனை எடுத்தேன். ஆரம்பித்தேன்.

நன்றாக ஓடியது. ஒரு பேர், கட்டைவிரல் தள்ளும், அடுத்த பேர். எச்சில் தொட வேண்டியதில்லை. காற்றில் தாள் படபடக்கவில்லை. அப்பா வந்தார், போனார். அம்மா வந்தாள், போனாள். எலி தின்ற மூலை இல்லை. எங்கே நிற்கிறேன் என்று ஒரு அடையாளம் இல்லை. ஆற்றில் இறங்கி நடக்கிற மாதிரி இருந்தது. கண்ணை எடுத்தால் இடம் தப்பிவிடும் என்று எடுக்கவே இல்லை. கடைசிப் பேர் வரைக்கும் தலை நிமிரவில்லை.

"இந்த வருசம் சுருக்கா முடிஞ்சிருச்சே" என்றார் ஃபாதர். அவருக்குச் சந்தோசம். தீர்த்தம் தெளிக்கக் கிளம்பினார்.

அப்புறம்தான் நிமிர்ந்தேன். தோட்டம் முழுக்க வெளிச்சம். பெரிய சிலுவைக்குக் கீழே மட்டும் இல்லை. அந்தம்மா அப்படியே நின்றது. மெழுகுவர்த்தி இடது கையில், தீக்குச்சி வலது கையில். உரசவில்லை.

கிட்டே போனேன்.

"ஏண்ணே, இந்த வருசம் அவுகளக் கூப்பிடலையா?"

காது மந்தமானவர்கள் மெதுவாகப் பேசுவதில்லை. அக்கம்பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பினார்கள்.

"வாசிச்சேனே!" என்று கத்தினேன்.

"எப்ப?"

"நடுவுல!"

"நடுவுலன்னா? நீங்க தாளே திருப்பலையே. நான் பாத்துக்கிட்டேதான நிக்கிறேன். ஒரு பெட்டியத் தடவிக்கிட்டே நின்னீங்க. தடவி முடிச்சீங்க, சாமியார் கிளம்பிட்டாரு."

எனக்கு விளங்கவில்லை. முழித்தேன்.

"அஞ்சு தடவை தாளத் திருப்புவீங்கண்ணே. அஞ்சாவது தடவ திருப்பினதும் நான் குச்சிய எடுப்பேன். அப்புறம் உங்க வாய் மூணு பேருக்கு அசையும். மூணாவதுக்குக் கொளுத்துவேன். அவுக பேர நீங்க எழுதுனப்ப நான் பக்கத்துல நின்னேன்ல. ஆறாவது தாளு, மூணாவது கோடு. மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தேன்.

"மைக்ல கேக்கலையா?" என்றேன்.

"கேட்டா நான் ஏன் எண்ணுறேன்?"

அந்தம்மா தீக்குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தது. "சரி விடுங்க. அடுத்த வருசம் பாத்துக்கிரலாம். அவுகளுக்கென்ன, காத்திருந்து பழக்கம்தான்" என்றது. சிரித்த மாதிரி இருந்தது. சிரிக்கவில்லை.

"நில்லு ஆத்தா" என்றேன். கேட்டிருக்காது. கையைக் காட்டினேன். கோயிலுக்கு ஓடினேன். எனக்கு ஓட்டமெல்லாம் நின்று ரொம்ப நாள். பீரோவைத் திறந்து நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பினேன். ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மைக்செட்காரர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தம்மா நின்ற இடத்திலேயே நின்றது.

நான் நிற்கிற இடத்துக்குப் போனேன். நோட்டை விரித்தேன்.

"அதை மட்டும் எடுத்து வாசிங்கண்ணே" என்று அங்கிருந்து கத்தியது.

வாசிக்கவில்லை. முதல் தாளிலிருந்து திருப்பினேன். ஈரம்பட்டுக் காய்ந்த தாள், ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தது. எச்சில் தொட்டுப் பிரித்தேன். ஒன்று. அப்பா தாள், ரெண்டு. மெழுகுத் தாள், மூணு. எலித் தாள், நாலு. அஞ்சு. நிமிர்ந்து பார்த்தேன். அந்தம்மா குச்சியை எடுத்துவிட்டது. முதல் பேரை வாசித்தேன். ரெண்டாவது பேர். அவர்கள் ரெண்டு பேரும் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தார்கள். மூணாவது பேரை வாசித்தேன்.

உரசியது. காற்றில் அணைந்தது. இன்னொரு குச்சி, அதுவும் அணைந்தது. நான் நோட்டோடு நடந்து போய், விரித்தபடியே காற்றுப் பக்கம் மறைத்துப் பிடித்தேன். மூணாவது குச்சியில் பற்றியது. மெழுகு ஒரு சொட்டு ஆறாவது தாளில் விழுந்தது. துடைக்கவில்லை.

தம்பி மகள் அவள் அம்மா கல்லறையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கிட்டே வந்தாள். என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அதே படிக்கட்டு.

"பக்கமா மாத்திட்டேன் பெரியப்பா. எழுத்து உங்க கண்ணுக்குத் தெரியணும்னா ஒரு பக்கத்துக்கு ஏழு பேருதான் நிப்பாங்க. அந்த அத்தை வீட்டுக்காரரு பதினேழாவது பக்கத்துல முதல் ஆளு."

அந்தம்மாவையும் வரச் சொல்லியிருந்தோம். காதருகே போய்ச் சொன்னேன்.

"பதினேழா? பதினாறு திருப்பு எண்ணணுமா நானு? என்ன, கணக்கு டீச்சர்னு நெனச்சீங்களா?"

"விரல மடக்கிக்கிட்டே வாங்க அத்தை" என்றாள் தம்பி மகள்.

"ஒரு கையில மெழுகுவத்தி, ஒரு கையில தீப்பெட்டி. எந்த விரல மடக்குறது? ஒன் விரல அனுப்பி வையி."

தம்பி மகள் சிரித்துவிட்டாள். நான் நோட்டைக் காட்டினேன். "இப்படியே இருக்கட்டும். தாளுக்கு இருபத்திரண்டு" என்றேன்.

"ஸ்க்ரீன்ல நிக்காதே பெரியப்பா."

"நிக்க வேணாம். தாளுக்குள்ள தள்ளிக்கிறேன். இருபத்திரண்டு முடிஞ்சா நிக்கணும். நானாத் திருப்பினாத்தான் அடுத்தது வரணும்."

"ஸ்க்ரோலும் இருக்கு, பக்கமும் இருக்கு. எங்க ஆபீஸ்ல காட்டினா ரெண்டுங்கெட்டான்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

"சொல்லட்டும்" என்று அவளும் சொன்னாள்.

செய்து முடிக்க ரெண்டு வாரம் ஆனது. ரெண்டு பக்கம் சேர்ந்து திரும்பாமல் பூட்டுப் போட்டுவிட்டாள். என் விரலுக்காக, பக்கத்தின் அடியில் ஒரு பெரிய கட்டம் வைத்தாள். அதில் கையை வைத்து இழுத்தால் போதும். மேலே எத்தனாவது தாள் என்று நோட்டில் இருக்கிற மாதிரியே போட்டிருந்தாள். எலி தின்ற மூலையை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

ஆனால் போனில் தாள் திரும்பினால் நாற்பது அடி தள்ளி நிற்கிற ஆளுக்கு எப்படித் தெரியும்? மூணு பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அந்தம்மா சிலுவையடியில் போய் நின்றது. நான் என் இடத்தில்.

விரலால் இழுத்தேன்.

"தெரியல!"

கையைக் கொஞ்சம் தூக்கி இழுத்தேன்.

"என்ன, ஈ ஓட்டுறீங்களா?"

தம்பி மகள் ஒரு கல்லறை மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது யார் கல்லறை என்று பார்த்து, எழுந்து, சிலுவை போட்டுக்கொண்டு, வேறு இடத்தில் உட்கார்ந்து மறுபடி சிரித்தாள்.

நோட்டு கையில் இருந்தால் எப்படிச் செய்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். விரல் வாய்க்குப் போகும். கை வலது பக்கம் இறங்கும். முழங்கையோடு இடது பக்கம் வரும். தலை நிமிரும். அதையே செய்தேன். கடைசியில் விரல் அந்தக் கட்டத்தை இழுத்தது.

"இப்பத் தெரியுது!"

"எச்சில் வேணாம் பெரியப்பா, போன் கெட்டுப்போகும்" என்றாள் தம்பி மகள்.

எச்சிலை விட்டேன். மற்றதை வைத்துக்கொண்டேன்.

நோட்டு இப்போதும் பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது. கூட்டி முடித்துவிட்டுச் சில நாள் எடுத்துப் பார்ப்பேன். எனக்கு முன்னால் இருந்தவரின் சாய்ந்த எழுத்து. நான் மூச்சைப் பிடித்து எழுதிய முதல் பேர். அதில் ஒரு எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். தாளைத் திருப்பினால் ஊதுபத்தி வாசம் வரும், கொஞ்சம் எலி வாசமும். ஆறாவது தாளில் விரலை வைத்தால் மெழுகு தட்டும். புதிதாகச் செத்தவர்கள் போனில் மட்டும் ஏறுகிறார்கள். தம்பி மகள் ஏற்றுகிறாள். ஃபாதருக்குத் தெரியாமல் நான் நோட்டிலும் எழுதிவிடுவேன். அவருக்குத் தெரிந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

போன கல்லறைத் திருநாளுக்குத் தூறல். ஃபாதருக்கு ஒருத்தர் குடை பிடித்தார். எனக்குத் தம்பி மகள் பிடித்தாள். வாசித்தேன். இருபத்திரண்டு முடிந்ததும் போன் நின்றது. கையைத் தூக்கி, இறக்கி, இடது பக்கம் கொண்டுபோனேன். தலை நிமிர்ந்தது. இங்கிட்டு நாலு, அங்கிட்டு அஞ்சு. பல வருசம் பார்த்தது. நடுவில் ஒரு வருசம்தான் பார்க்கவில்லை, அதற்கே ஏதோ தூர தேசம் போய்த் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

ரெண்டாவது தாள், அப்பா. நாலாவது தாள், அம்மா. தம்பி குனிந்து கொளுத்துவது தெரிந்தது.

அஞ்சாவது தடவை கையைக் கொண்டுபோனேன். நிமிர்ந்தேன். பெரிய சிலுவைக்குக் கீழே, தலையில் சேலையைப் போட்டுக்கொண்டு, அந்தம்மா குச்சியை எடுத்தது.

முதல் பேர். ரெண்டாவது பேர். மூணாவதுக்கு முன்னால் ஒரு மூச்சு விட்டேன். நோட்டில் அப்படி நிற்பதில்லை, அன்றைக்கு நின்றேன். வாசித்தேன்.

ஒரே உரசலில் பற்றியது. உள்ளங்கையால் தூறலை மறைத்துக்கொண்டது.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். அந்தம்மா என் பக்கம் வந்தது. ஏதாவது சொல்லும் என்று நின்றேன்.

"மூணாவது திருப்பு கொஞ்சம் வேகம்ண்ணே. எண்ணிக்கை தப்பப் பாத்துச்சு. அடுத்த வருசம் நிதானமாத் திருப்புங்க" என்றது.

"சரி" என்றேன்.

அதற்குக் கேட்டிருக்காது. தலையை ஆட்டினேன்.